பலூன் நகர்ந்தால் யார் சொல்வது? அறுவை அரங்கில் தலைமை குறித்து ஒரு நிகழ்வு ஆய்வு

அறுவை மருத்துவரின் தலைமைப் பண்பு என்று பேச்செடுத்தாலே ஆளுமை, கம்பீரம், அனுபவம் என்றுதான் பேச்சு போகும். சிலருக்கு அது பிறவியிலேயே வரும், சிலருக்கு எத்தனை வருடம் போனாலும் வராது என்று முடித்துவிடுவார்கள். அப்படி முடித்துவிடக் கூடாது என்பதற்கு நான் திரும்பத் திரும்ப எடுத்துக்காட்டுவது, 1990களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் 16 இதய அறுவை சிகிச்சைத் துறைகளைப் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு. ஹார்வர்டு வணிகப் பள்ளியின் ஏமி எட்மண்ட்சன், ரிச்சர்ட் போமர், கேரி பிசானோ ஆகிய மூவரும் நடத்தி 2001இல் வெளியிட்டது. போமர் மருத்துவம் படித்தவர். மற்ற இருவரும் நிறுவனங்கள் எப்படிக் கற்கின்றன, எப்படி மாறுகின்றன என்று ஆராய்பவர்கள். தலைமைப் பயிற்சி பற்றி மருத்துவர்கள் எழுதியதில் பலவற்றைவிட இந்த மூவரின் ஆய்வு அறுவை மேசைக்கு அருகில் போய் நிற்கிறது.

16 துறைகளுமே ஒரே புதிய முறையைத் தொடங்கின. எல்லாமே நல்ல பெயருள்ள மருத்துவமனைகள். எல்லாக் குழுக்களும் ஒரே மூன்று நாள் பயிற்சிக்குப் போய் வந்தன. கருவிகளும் ஒன்றே. இருந்தும் சில குழுக்கள் விரைவாகப் பழகி, அந்த அறுவை சிகிச்சையை அன்றாட வேலையாக்கிக்கொண்டன. சில குழுக்கள் பல பத்து நோயாளிகளுக்குச் செய்த பிறகும் தொடங்கிய இடத்திலேயே தடுமாறின. ஏன் என்பதுதான் கேள்வி.

புதிய முறை எதைப் புரட்டிப் போட்டது

வழக்கமான திறந்த இதய அறுவையில் மார்பெலும்பை நடுவில் ரம்பத்தால் அறுத்து, விலா எலும்புக்கூட்டை விரித்து, இதயத்தை நேராகக் கண்ணால் பார்த்து வேலை செய்வார்கள். இதயத்தை நிறுத்தும் முன், இதயத்திலிருந்து ரத்தம் வெளியேறும் பெரிய குழாயான மகாதமனியை வெளியிலிருந்து ஒரு கிளாம்ப் (இறுக்கிப் பிடிக்கும் இடுக்கி) போட்டு அடைக்க வேண்டும். அறுவை மருத்துவர் தன் கையால் போடுகிறார், சரியாகப் பிடித்திருக்கிறதா என்று தன் விரலாலேயே உணர்கிறார். மயக்க மருந்து நிபுணருக்கும், இதய நுரையீரல் இயந்திரத்தை இயக்கும் பெர்ஃபியூஷனிஸ்டுக்கும், கருவிகளை எடுத்துத் தரும் ஸ்க்ரப் நர்ஸுக்கும் அவரவர் வேலை அத்துப்படி. ஆயிரம் முறை ஆடிய ஆட்டம் என்பதால் அதிகம் பேசாமலே காரியம் நடந்துவிடும். இதய அறுவை அரங்குகள் அமைதியாக இருப்பதற்கு இது ஒரு காரணம். அந்த அமைதியைத்தான் நல்ல தலைமையின் அடையாளமாக நாம் எடுத்துக்கொண்டோம்.

கலிஃபோர்னியாவின் ஹார்ட்போர்ட் நிறுவனம் கொண்டுவந்த புதிய முறையில் மார்பெலும்பை அறுப்பதில்லை. விலாக்களுக்கிடையே சிறிய கீறல்தான். வெளியிலிருந்து கிளாம்ப் போட இடம் கிடையாது. அதற்குப் பதிலாகத் தொடைத் தமனி வழியாக ஒரு குழாயை மேலே ஏற்றி, அதன் நுனியிலுள்ள பலூனை மகாதமனிக்குள்ளேயே ஊதி அடைக்க வேண்டும். அந்தப் பலூன் சரியான இடத்தில் இருக்கிறதா என்று அறுவை மருத்துவரால் கண்ணாலும் பார்க்க முடியாது, கையாலும் தொட முடியாது.

பிறகு யாருக்குத் தெரியும்? உணவுக்குழாய் வழியாக இதயத்தைக் காட்டும் எக்கோ ஸ்கேனின் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் மயக்க மருந்து நிபுணருக்குத் தெரியும். பலூன் மேல்நோக்கி நழுவினால் மகாதமனியிலிருந்து முதலில் பிரியும் பெரிய கிளையின் வாயை அது அடைத்துவிடும். மூளையின் வலப்பக்கத்துக்கும் வலக்கைக்கும் ரத்தம் அந்தக் கிளை வழியாகத்தான் போகிறது. வலது மணிக்கட்டில் அளக்கப்படும் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும். இடது கையில் இறங்காது. இரண்டு கோடுகளையும் ஒருவர் ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், பார்த்தவர் அதை வாய்விட்டுச் சொல்லவும் வேண்டும். இயந்திரத்தின் அழுத்தத்தில் மாற்றம் தெரிந்தால் பெர்ஃபியூஷனிஸ்ட் சொல்ல வேண்டும். தாமதித்தால் மூளைக்குப் போகும் ரத்தம் தடைப்படும்.

கருவி மாறியதைவிடப் பெரிய மாற்றம் இதுதான். அரங்கில் எல்லாம் தெரிந்த ஒரே ஆளாக இருந்தவர், முக்கியமான தகவலுக்கு மூன்று பேரை நம்பியிருக்க வேண்டியவர் ஆகிவிட்டார். மயக்க மருந்து நிபுணரும் நர்ஸும் தங்களை மேலானவர்களாக நினைத்ததால் வந்த மாற்றம் அல்ல இது. அவர்கள் பேச வேண்டும் என்று மகாதமனிக்குள் இருக்கும் பலூன் கோருகிறது.

இரண்டு அரங்குகள்

ஆய்வாளர்கள் மருத்துவமனைகளின் உண்மைப் பெயரை வெளியிடவில்லை. ஒன்றை செல்சி என்றும் இன்னொன்றை மவுண்டன் என்றும் அழைத்தார்கள்.

செல்சி, ஒரு நகரத்தில் உள்ள பெரிய கல்வி மருத்துவமனை. அங்கே இந்த முறையைத் தொடங்கியவர் நாடறிந்த அறுவை மருத்துவர், துறையின் தலைவர், இந்தப் புதிய முறையில் ஏற்கனவே நிறைய நோயாளிகளுக்குச் செய்து பழகியவர். நிர்வாகத்தின் ஆதரவுக்கும் குறைவில்லை. குழுவைத் தேர்ந்தெடுப்பதில் அவர் தலையிடவில்லை. பணிமூப்பு அடிப்படையில் ஆட்கள் நியமிக்கப்பட்டார்கள். முதல் நோயாளிக்கு முன் குழு நடத்திய ஒத்திகையிலும் அவர் கலந்துகொள்ளவில்லை. அவர் பார்வையில் இது கருவி மாற்றம்தான், வேலை செய்யும் விதத்தில் மாற்றம் இல்லை. குழுவை அமைத்துக் கொடுத்துவிட்டால் அதன் பிறகு நான் தலையைத் தூக்கிப் பார்ப்பதே இல்லை, எல்லாம் ஓடுகிறதா என்று பார்ப்பது அவர்கள் பொறுப்பு என்ற பொருளில் அவர் ஆய்வாளர்களிடம் சொன்னார். இதில் ஆணவம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. பழைய முறையில் இது நல்ல அறுவை மருத்துவரின் ஒழுக்கம். கவனம் சிதறாமல் வெட்டும் இடத்திலேயே கண்ணை வைத்திருப்பவரைத்தான் நாம் எல்லோரும் பாராட்டி வளர்ந்திருக்கிறோம்.

மவுண்டன் சிறிய மருத்துவமனை. தொடங்கியவர் இளம் அறுவை மருத்துவர், அங்கே வந்து அதிக நாள் ஆகவில்லை. இந்த முறையில் முன்னனுபவமும் இல்லை. அவர் முதலில் ஆட்களைத் தேடினார். யார் மூத்தவர் என்று பார்க்காமல், யார் யாரோடு சேர்ந்து வேலை செய்து பழகியிருக்கிறார்கள் என்று பார்த்தார். பயிற்சிக்குப் போன அதே ஆட்கள்தான் தொடக்க அறுவைகள் எல்லாவற்றிலும் நிற்க வேண்டும் என்று உறுதியாக இருந்தார். நோயாளி மேசைக்கு வரும் முன்பே குழுவைக் கூட்டி, அறுவையின் படிகளோடு நிற்காமல், யார் யாரிடம் எதை எப்போது சொல்வது என்பதையும் பேசினார். தான் பார்ப்பதை மற்றவர்களும் பார்க்கட்டும் என்று தலையில் கேமரா மாட்டிக்கொண்டார். அறுவை மருத்துவர் தன்னைக் கூட்டாளியாக்கிக்கொள்ளத் தயாராக இருக்க வேண்டும், அப்போதுதான் மற்றவர் சொல்வதை ஏற்க முடியும் என்பது அவர் நிலைப்பாடு.

அறுவைக்கு எடுத்துக்கொள்ளும் நேரம்தான் ஆய்வின் அளவுகோல். 16 மருத்துவமனைகளிலும் சேர்த்து 660 நோயாளிகளின் விவரங்களை எடுத்து, நோயின் கடுமை முதலியவற்றுக்கு ஈடுகட்டிக் கணக்கிட்டார்கள். மவுண்டன் விரைவாகக் கற்ற குழுக்களின் வரிசையில் வந்தது. செல்சி பின்தங்கியது. இந்த முறையில் அனுபவமே இல்லாத இளைஞரின் குழு, அதில் கைதேர்ந்த தலைவரின் குழுவைத் தாண்டிப் போயிற்று.

நேரம் என்பது முழுமையான அளவுகோல் அல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன். வேகமான அறுவை எல்லாம் நல்ல அறுவை ஆகிவிடாது. ஆனால் இதய நுரையீரல் இயந்திரத்தில் நோயாளி இருக்கும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் விலை உண்டு. ஒரு குழு ஒன்றாகக் கற்கிறதா என்பதைக் காட்ட இதைவிட நேர்மையான அளவு எளிதில் கிடைக்காது.

காரணம் என்று நாம் நினைத்தவை

செல்சி, மவுண்டன் ஒப்பீட்டோடு ஆய்வாளர்கள் நிற்கவில்லை. யாரும் முதலில் சந்தேகிக்கும் காரணங்களை 16 இடங்களிலும் சரிபார்த்தார்கள். அறுவை மருத்துவரின் பதவி உயர்வானதா என்பது வேறுபாட்டை விளக்கவில்லை. கல்வி மருத்துவமனையா சாதாரண மருத்துவமனையா என்பதும், மேலிடத்து நிர்வாகத்தின் ஆதரவும் விளக்கவில்லை. அறுவைக்குப் பிறகு முறையாக உட்கார்ந்து அலசும் கூட்டங்கள்கூடப் பெரிய வேறுபாட்டை உண்டாக்கவில்லை. கடைசியாகச் சொன்னதைப் படித்தபோது எனக்கே வியப்பாக இருந்தது, ஏனென்றால் தலைமைப் பயிற்சி வகுப்புகளில் அதைத்தான் வலியுறுத்துவோம். விரைவாகக் கற்ற குழுக்கள், அறுவை நடந்துகொண்டிருக்கும்போதே, அந்தந்த நொடியில் பேசிக் கற்றன. மாலையில் நடக்கும் கூட்டத்துக்கு அவை காத்திருக்கவில்லை.

மேசைக்கு அந்தப்புறம் நடக்கும் கிசுகிசு

ஆய்வில் பதிவான ஒரு நர்ஸின் கூற்றை என் மாணவர்களிடம் எப்போதும் சொல்வேன். தடுமாறிய மருத்துவமனை ஒன்றில் பேட்டி கொடுத்தவர் அவர். ஏதாவது தவறாகத் தெரிந்தால் என்ன செய்வீர்கள் என்ற கேள்விக்கு, நேராக அறுவை மருத்துவரிடம் சொல்லமாட்டேன், துணைக்கு நிற்பவரிடம் சொல்வேன், இல்லாவிட்டால் மயக்க மருந்து நிபுணரின் காதில் பலூன் நகர்ந்த மாதிரி இருக்கிறதா என்று மெல்லக் கேட்பேன் என்றார். அப்படி நடந்ததைத் தன் கண்ணாலேயே பார்த்ததாகவும் சொன்னார். துணைக்கு நிற்பவரும் மயக்க மருந்து நிபுணரும் தங்களுக்குள் கிசுகிசுத்துக்கொண்டிருக்கிறார்கள், எனக்கோ பைத்தியமே பிடித்துவிடும் போலிருக்கிறது, அவரிடம் சொல்லுங்களேன், ஏன் சொல்லமாட்டேன் என்கிறீர்கள் என்று. அவர்களுக்கு வாய் திறந்து பழக்கமில்லை, பயம். ஆனால் இந்த அறுவையில் சொல்லித்தான் ஆக வேண்டும் என்றார் அந்த நர்ஸ்.

ஒரு நிமிடம் அந்தக் காட்சியில் நிற்போம். தகவல் அரங்குக்குள் இருக்கிறது. இரண்டு பேருக்குத் தெரியும், மூன்றாவது ஆளுக்கும் தெரிந்துவிட்டது. அது தேவைப்படும் ஒரே மனிதர் இரண்டு அடி தூரத்தில் குனிந்து வேலை செய்துகொண்டிருக்கிறார். அவருக்கு மட்டும் தெரியாது. அவர் யாரையும் திட்டவில்லை, அன்று கத்தவும் இல்லை. இத்தனை வருடங்களில் யாரையும் பேசச் சொன்னதும் இல்லை, அவ்வளவுதான்.

விரைவாகக் கற்ற இன்னோர் இடத்தில் நேரெதிரான ஒரு காட்சி பதிவாகியிருக்கிறது. ஒரு சிக்கலில் அறுவை மருத்துவர் திணறியபோது, நர்ஸ் ஒருவர் தானாகவே முன்வந்து, எப்போதோ ஒதுக்கிவைத்த பழைய வகைக் கிளாம்ப் ஒன்றை எடுத்துப் பார்க்கலாமே என்றார். இரும்புப் பயிற்சி மருத்துவர் என்று அதற்குச் செல்லப்பெயர். பழைய கருவியின் நினைவு இருந்தது அந்த நர்ஸுக்குத்தான். பேசினால் மதிப்பார்கள் என்ற நம்பிக்கை இல்லாத அரங்கில் அந்தக் கிளாம்ப் அலமாரியிலேயே கிடந்திருக்கும்.

தலைமை என்பது இங்கே என்னென்ன செயல்கள்

நல்ல குழுக்களின் அறுவை மருத்துவர்கள் எல்லோரும் இனிமையாகப் பழகுகிறவர்கள் என்று ஆய்வு சொல்லவில்லை. அவர்கள் செய்தது மூன்று வேலை. ஆட்களைக் கவனமாகத் தேர்ந்தெடுத்துக் கலைக்காமல் வைத்திருந்தார்கள். வேலையை அறுவை மருத்துவரின் கைத்திறன் சார்ந்த சவாலாகக் காட்டாமல், எல்லோரும் சேர்ந்து கற்க வேண்டிய சவாலாக முன்வைத்தார்கள். மூன்றாவது, பேசினால் பாதகம் வராது என்று நடந்து காட்டினார்கள்.

மூன்றாவதுதான் கடினம். ஒரு அறுவை மருத்துவர் தன் குழுவிடம் நீங்கள் சொல்வதை நான் கேட்டே ஆக வேண்டும், ஏனென்றால் நான் சிலவற்றைத் தவறவிட வாய்ப்பிருக்கிறது என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருந்தாராம். ஒருமுறை சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். இருபது வருடப் பழக்கத்துக்கு எதிராக ஒரே ஒரு வாக்கியம் நின்று பிடிக்காது. ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு நோயாளிக்கு முன்னும் சொல்ல வேண்டும். சொன்ன பிறகு ஒருவர் தவறான எச்சரிக்கையே கொடுத்தாலும், நல்லது, பார்த்துவிட்டேன், சரியாகத்தான் இருக்கிறது என்று முடிக்க வேண்டும். அந்த ஒரு பதிலில்தான் அடுத்த எச்சரிக்கை வருமா வராதா என்பது இருக்கிறது.

இதைக் கற்றுக்கொடுக்க முடியுமா

முடியும் என்பதற்கு ஸ்காட்லாந்தில் ஒரு கருவி இருக்கிறது. அபர்டீன் பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் ரோனா ஃபிளின் வட கடல் எண்ணெய் மேடைகளின் பாதுகாப்பை ஆராய்ந்தவர். அவரும் ஸ்டீவன் யூலும் அறுவை மருத்துவர்களோடும் மயக்க மருந்து நிபுணர்களோடும் சேர்ந்து, எடின்பரோவின் ராயல் அறுவை மருத்துவர் கல்லூரியின் துணையோடு நாட்ஸ் என்ற மதிப்பீட்டு முறையை உருவாக்கினார்கள். கத்தி பிடிக்கும் திறனைத் தவிர மற்றத் திறன்களை அது நான்கு வகையாகப் பிரிக்கிறது: சூழலை உணர்தல், முடிவெடுத்தல், பேச்சும் கூட்டுப்பணியும், தலைமை. தலைமையின் கீழ் மூன்று கூறுகள் வருகின்றன: தரத்தை நிலைநாட்டுதல், பிறருக்குத் துணைநிற்றல், அழுத்தத்தைச் சமாளித்தல். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 4 வரை மதிப்பெண்.

அதன் சிறப்பு, கண்ணால் காணக்கூடிய நடத்தையை மட்டுமே அது கேட்கிறது. தன்னம்பிக்கை உள்ளவரா என்று கேட்பதில்லை. குழுவில் புதிதாக வந்தவரிடம் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டாரா, பிழைக்கு மற்றவர்கள் மேல் பழியைப் போட்டாரா என்று பார்க்கிறது. அவசரத்தை உணர்த்த எப்போதாவது குரலை உயர்த்துவதைக்கூட நல்ல நடத்தைக்கு உதாரணமாகச் சேர்த்திருக்கிறார்கள். அது எனக்குப் பிடித்த இடம். மென்மையாகப் பேசுவதே தலைமை என்ற தவறான பாடத்தை அது தடுக்கிறது. ரத்தம் பீறிடும்போது பணிவான குரலுக்கு இடமில்லை. எதற்காகக் குரல் உயர்கிறது என்பதுதான் வேறுபாடு.

பட்டியலும் படிவமும் மட்டும் போதாது என்பதற்கும் சான்று உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் அறுவைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியலைப் புது டெல்லி உட்பட எட்டு நகரங்களின் எட்டு மருத்துவமனைகளில் சோதித்து 2009இல் முடிவை வெளியிட்டார்கள். இறப்பு விகிதம் 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகக் குறைந்திருந்தது. அதே வகைப் பட்டியலைக் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 101 மருத்துவமனைகளில் நடைமுறைப்படுத்தினார்கள். 2014இல் வந்த ஆய்வு, இறப்பில் குறிப்பிடத்தக்க குறைவு எதையும் காணவில்லை. அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகள் வேறு வழியில் போயின. 74 இடங்களில் அறுவை மருத்துவர்களையும் சேர்த்தே முழுக் குழுவுக்கும் பயிற்சி கொடுத்து, அறுவைக்கு முன்னும் பின்னும் பேசும் பழக்கத்தைப் புகுத்தினார்கள். 2010இல் வெளியான கணக்கின்படி அங்கே இறப்பு விகிதம் 18 சதவீதம் குறைந்தது. பயிற்சி இன்னும் போய்ச் சேராத இடங்களில் 7 சதவீதம். இந்த ஆய்வுகளை நேருக்கு நேர் ஒப்பிட முடியாது, முறைகள் வேறு வேறு. ஆனாலும் என் முடிவு இதுதான்: தாளைக் கொடுத்துவிட்டு அறுவை மருத்துவரை மாற்றாமல் விட்டால், பட்டியலில் டிக் மட்டுமே விழும்.

நம் அரங்கில் எங்கே தொடங்குவது

தமிழ்நாட்டு அரசு மருத்துவக் கல்லூரிகளில் யூனிட் சீஃப், உதவிப் பேராசிரியர்கள், பிஜி (முதுநிலை) மாணவர்கள் என்ற படிநிலை உறுதியானது. அதைக் குலைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பொறுப்பு ஒருவரிடம் இருப்பது நோயாளிக்கு நல்லது. ஆனால் மூன்றாண்டுப் பயிற்சியில் ஒரு பிஜி எத்தனை முடிச்சுப் போட்டார், எத்தனை குடல்வால் எடுத்தார் என்று குறிப்பேட்டில் எழுதுகிறோம். அரங்கை நடத்திப் பழகினாரா என்று எழுத ஒரு கட்டமும் கிடையாது. சீஃபைப் பார்த்து அவர் கற்றுக்கொள்வார் என்று விட்டுவிடுகிறோம். கற்றுக்கொள்ளத்தான் செய்கிறார். செல்சியின் தலைவரையும் யாரோ ஒரு சீஃப்தான் உருவாக்கியிருப்பார்.

இரண்டாமாண்டு பிஜியிடம் ஒரு எளிய குடலிறக்க அறுவையின் டைம் அவுட்டை, அதாவது கத்தி வைக்கும் முன் குழு நின்று சரிபார்ப்பதை, முழுவதுமாக ஒப்படைக்கலாம். சீஃப் அரங்கில் இருக்க வேண்டும், வாய் திறக்கக் கூடாது. பிஜி சொல்வது இப்படி இருக்கட்டும்: "சிஸ்டர், நான் உள்ளே வேலையில் இருப்பேன், மானிட்டரைப் பார்க்க மாட்டேன். கணக்கு ஒன்று குறைந்தாலும், பஞ்சு ஒன்று காணாமல் போனாலும் நான் மூடுவதற்கு முன்பே சத்தமாகச் சொல்லுங்க. மேடம், மயக்க மருந்துப் பக்கம் உங்களுக்குக் கவலை ஏதாவது இருக்கா?" கேட்டுவிட்டுப் பதில் வரும் வரை கத்தியைக் கையில் வாங்கக் கூடாது. முதல் சில முறை பதில் வராது, சிஸ்டர் சீஃபின் முகத்தைப் பார்ப்பார். சீஃப் தலையசைக்காமல், பிஜியிடமே சொல்லுங்கள் என்று கையைக் காட்ட வேண்டும். அந்தக் கையசைப்புதான் இந்தப் பயிற்சியில் சீஃப் செய்ய வேண்டிய மிகக் கடினமான வேலை.

தோல் தையல் முடிந்ததும் மதிப்பெண் போடலாம். அதைச் சீஃப் மட்டும் போட்டால் பயனில்லை. அன்று ஸ்க்ரப் செய்த நர்ஸும் மயக்க மருந்து நிபுணரும் நாட்ஸின் தலைமைப் பகுதியில் 1 முதல் 4 வரை ஒரு எண் எழுத வேண்டும், ஒவ்வொருவரும் தாங்கள் கண்ட ஒரு செயலை மட்டும் அதன் அருகே குறிக்க வேண்டும். குழு கலைவதற்குள் ஐந்து நிமிடம் போதும். அதே படிவத்தை நர்ஸும் மயக்க மருந்து நிபுணரும் ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது சீஃபுக்கும் நிரப்பிக் கொடுக்க வேண்டும். பிஜிக்கு மட்டும் என்றால் அது இன்னொரு தேர்வாக முடிந்துவிடும்.